வெப்பத்தாக்கு

வெப்பத்தாக்கு என்பது உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 40 பாகை செல்சியசைக் கடந்து, மூளையின் செயற்பாடு குலையும் நிலையாகும். ஹீட் ஸ்ட்ரோக் என்றும் அழைக்கப்படும் இது, உடனே கவனிக்காவிடில் உயிரைப் பறிக்கக்கூடியது.

காரணம்

கடும் வெயிலில் உடல் பெரும்பாலும் வியர்வை ஆவியாவதாலேயே குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. எனவே கத்திரி வெயில் காலத்தில் மட்டுமே இது நேரும் என எண்ணுதல் தவறு. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படைச் சாகச நிகழ்ச்சியைக் காண வந்தோரில் ஐவர் இறந்தனர். வெயிலின் தாக்கமே காரணம் என அரசு தெரிவித்தது.

மலையும் சமவெளியும்

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. வேலூர் நகரம் அதைவிட ஏறத்தாழ 500 மீட்டர் தாழ்ந்தது. உயர வேறுபாட்டினால் மட்டுமே சுமார் 3 பாகை வேறுபாடு ஏற்படும். வெப்ப அலையைக் கணிக்க இந்திய வானிலை ஆய்வுத் துறை சமவெளிக்கு 40 பாகை, மலைப்பகுதிக்கு 30 பாகை எனத் தனித்தனி வரம்பு வைத்துள்ளது.

உடல் புதிய வெப்பத்திற்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே மலையிலிருந்து கோடையில் கீழே கூலி வேலைக்கு இறங்குவோருக்கு முதல் சில நாட்களே மிக ஆபத்தானவை. முதல் நாளில் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் செய்து, நாள்தோறும் கூட்டுவது பரிந்துரைக்கப்படுகிறது. தினக்கூலி பெறுபவருக்கு இது எளிதன்று.

அறிகுறிகள்

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், மிகுந்த வியர்வை ஆகியவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். இந்நிலையில் நினைவு தெளிவாயிருக்கும். பேச்சுக் குழறல், பிதற்றல், வலிப்பு, மயக்கம் ஆகியன தோன்றினால் அது வெப்பத்தாக்கு. தோல் உலர்ந்திருக்க வேண்டும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. உழைக்கும்போது தாக்குண்டவருக்கு வியர்வை வழிந்துகொண்டிருக்கலாம்.

முதலுதவி

108-ஐ அழைத்துவிட்டு, ஊர்தி வரும்வரை காத்திராமல் உடனே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நிழலில் கிடத்தி, ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். தொட்டி இருப்பின், தலை நீருக்கு மேலிருக்குமாறு தாங்கிப் பிடித்துக் கழுத்தளவு நீரில் அமர்த்துவது மேலும் விரைவானது. மருத்துவமனை தொலைவிலுள்ள மலைக் கிராமங்களில் இந்நேரமே உயிரைத் தீர்மானிக்கும். நினைவற்றவருக்கு வாய்வழி எதுவும் புகட்டலாகாது. இது காய்ச்சல் அன்று. பாராசிட்டமால் பயன் தராது.

தடுப்பு

நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் உழைப்பதைத் தவிர்த்து, தாகம் எடுக்கும் முன்பே நீர், உப்பிட்ட மோர், கூழ் ஆகியவற்றை அருந்துதல் வேண்டும். முதியோரும், சிறுநீர் பெருக்கி மருந்து உட்கொள்வோரும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இதனால் இறப்போரின் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.