அன்பின் பெயரால் வந்த புழு: மின்னஞ்சல் வரலாறு கற்பிக்கும் அமானிதம்



ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின்னர், அண்டை நாட்டு மன்னர்களுக்கு இஸ்லாமிய அழைப்புக் கடிதங்களை அனுப்ப நபி (ஸல்) அவர்கள் நாடினார்கள். முத்திரையிடப்படாத கடிதத்தை மன்னர்கள் ஏற்பதில்லை என்று அவர்களிடம் எடுத்துரைக்கப்பட்டது. எனவே வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டு, அதில் முத்திரை வாசகம் பொறிக்கப்பட்டது. கடிதத்தை அனுப்பியவர் யார் என்பதை உறுதிசெய்யும் ஏற்பாடு அன்றே நம் மரபில் இடம்பெற்றுவிட்டது.

அம்மரபிலேயே ஒரு துயரமும் உண்டு. மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் முத்திரையைத் தாங்கிய ஒரு கடிதம், எகிப்திலிருந்து வந்து திரும்பிய குழுவினரின் கையில் வழியில் சிக்கியது. தாம் அதை எழுதவுமில்லை, எழுதச் சொல்லவுமில்லை என்று கலீஃபா மறுத்தார்கள். ஆயினும் மூண்ட குழப்பம் தணியவில்லை. ஹிஜ்ரி 35ஆம் ஆண்டு அவர்கள் ஷஹீதாக்கப்பட்டார்கள். நம்பிக்கைக்குரியவரின் பெயரைத் தாங்கி வரும் பொய்க் கடிதம் எத்தகைய தீங்குக்கு வழிகோலும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

நம் காலத்தில் அத்தகைய கடிதம் மின்னஞ்சல் புழுவாக வருகிறது. வைரஸ் என்பது வேறொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு பரவுவது. புழுவோ தன்னைத்தானே நகலெடுத்து, வலையமைப்பின் வழியே அடுத்த கணினிக்குச் செல்வது. மின்னஞ்சல் புழு நம் முகவரிப் புத்தகத்தைத் திறந்து, நம் பெயராலேயே நம் உற்றாருக்குக் கடிதம் அனுப்புகிறது. அதன் முதல் ஆயுதம் நம்மீது பிறர் கொண்டுள்ள நம்பிக்கைதான்.

1987 டிசம்பரில் ஜெர்மனியின் கிளாஸ்தால் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுதிய நிரல், திரையில் ஒரு கிறிஸ்துமஸ் மரத்தை வரைந்து காட்டியது. பார்ப்பவர் மகிழ்ந்திருக்கும் வேளையில், அவருடைய தொடர்புப் பட்டியலில் இருந்தோருக்கெல்லாம் அது தன்னை அனுப்பிக்கொண்டது. பல்கலைக்கழக வலையமைப்புகளையும் ஐ.பி.எம். நிறுவனத்தின் உள் வலையமைப்பையும் அந்த வாழ்த்து திணறடித்தது. 1999 மார்ச் 26 அன்று வெளிப்பட்ட மெலிசா, வேர்டு ஆவணத்துக்குள் மேக்ரோவாக ஒளிந்து வந்து, அவுட்லுக் முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பியது.

2000 மே 4 அன்று, 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்ற பொருளுடைய ஆங்கிலத் தலைப்பைத் தாங்கிய அஞ்சல் பிலிப்பைன்ஸின் மணிலாவிலிருந்து புறப்பட்டு, ஒரு சில மணி நேரத்தில் ஆசியாவையும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றி வந்தது. அதனுடன் இணைக்கப்பட்டிருந்த கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு போலத் தோன்றியது. அதன் பெயர் உண்மையில் 'வி.பி.எஸ்.' என்னும் நிரல் அடையாளத்தோடு முடிந்தது; விண்டோஸ் வழக்கமாக அந்த இறுதிப் பகுதியை மறைத்துவிடும். திறந்தவரின் படக்கோப்புகள் அழிந்தன. அவருடைய முகவரிப் பட்டியல் முழுவதற்கும் அதே அஞ்சல் பறந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கூடத் தன் மின்னஞ்சல் சேவையை நிறுத்தி வைக்க நேர்ந்தது.

அதை எழுதியவர் ஒனெல் டி குஸ்மான் என்னும் மாணவர். பிறரின் இணையக் கடவுச்சொற்களைத் திருடிக் கட்டணமின்றி இணையத்தைப் பயன்படுத்துவதே தம் நோக்கம் என்று பல ஆண்டுகளுக்குப் பின் அவர் ஒப்புக்கொண்டார். அப்போது பிலிப்பைன்ஸில் அதற்கேற்ற சட்டம் இல்லாததால் வழக்கு கைவிடப்பட்டது. புழு பரவியதற்கு அடுத்த மாதமே அந்நாடு சட்டம் இயற்றிற்று. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. பிறர் கணினியில் அனுமதியின்றி வைரஸைப் புகுத்துவது அதன் 43ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்குரிய குற்றம். தீய நோக்கோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். அடுத்தவர் இல்லத்தில் அனுமதி பெறாமல் நுழையலாகாது என்று அந்நூர் அத்தியாயம் கற்பித்ததை அறிந்தோருக்கு இச்சட்டத்தின் உட்பொருள் புதிதன்று.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 2002இல் பரவிய யாஹா என்னும் புழு இந்தியாவில் எழுதப்பட்டதாகப் பரவலாகக் கருதப்படுகிறது. நட்பையும் காதலையும் பேசும் அஞ்சலாக அது வந்தது. அதன் ஒரு வடிவம், தான் தொற்றிய கணினிகளையெல்லாம் பாகிஸ்தான் அரசின் இணையதளத்தைத் தாக்க ஏவியது. கடிதத்தைத் திறந்த எளியவர், தாம் அறியாமலேயே பிறரின் பகைக்குக் கருவியானார்.

அதே காலத்தில் பரவிய கிளெஸ் புழுவோ அனுப்புநர் பெயரையே பொய்யாக்கியது. தான் தொற்றிய கணினியில் கண்ட ஏதோவொரு முகவரியை அது அனுப்புநராகப் போட்டுக்கொள்ளும். குற்றமற்ற ஒருவர் புழுவைப் பரப்பியதாகப் பழி சுமந்தார். ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறும், வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறும் அல்ஹுஜுராத் அத்தியாயம் இடும் கட்டளைகள் இங்கே ஒருங்கே பொருந்துகின்றன. கடிதத்தை நம்பிவிடவும் கூடாது. விசாரிக்காமல் அனுப்புநரைக் குற்றவாளியாக்கவும் கூடாது.

இவையெல்லாம் பெருநகரச் செய்திகள் என்று தருமபுரி – சேலம் நெடுஞ்சாலையில் உள்ள நல்லம்பள்ளி போன்ற ஊர்களில் வாழும் நாம் எண்ணிவிடலாகாது. இன்று சிற்றூர் ஜமாஅத்திலும் ஒரு கணினி இருக்கக்கூடும். திருமணப் பதிவேடு, சந்தாக் கணக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக, ஜகாத் பெறுவோரின் பெயர்ப் பட்டியல் அதில் இருக்கும். கை நீட்டக் கூசும் ஒரு விதவைத் தாயின் பெயர் அதில் இருக்கலாம். அந்தப் பட்டியல் வெளியே சிந்தினால் சேதம் கணினிக்கன்று, அவருடைய மானத்துக்கு. இடது கைக்குத் தெரியாமல் வலது கை கொடுப்பதைப் போற்றும் மார்க்கம் நம்முடையது.

ஆதலால் காக்கும் வழிகளை அமானிதத்தின் பகுதியாகக் கொள்வோம். எதிர்பாராத இணைப்பு தெரிந்தவரிடமிருந்தே வந்தாலும், அவரைத் தொலைபேசியில் கேட்டறிந்த பின்னரே திறப்போம். கோப்புப் பெயரின் இறுதிப் பகுதியும் தெரியுமாறு கணினியை அமைப்போம். ஆவணம் மேக்ரோவை இயக்கச் சொன்னால் மறுப்போம். இயங்குதளத்தையும் வைரஸ் தடுப்பு மென்பொருளையும் தவறாது புதுப்பிப்போம். அலுவலக மின்னஞ்சலுக்குத் தனிக் கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வைப்போம். பதிவேடுகளின் நகலை, கணினியோடு எந்நேரமும் இணைந்திராத தனி வட்டில் பாதுகாப்போம்.

இவ்வளவுக்குப் பின்னும் தொற்று நேர்ந்துவிட்டால், முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். நம் பெயரால் அஞ்சல் சென்றிருக்கும் என்பதை அனைவருக்கும் உடனே அறிவிக்க வேண்டும். வெட்கத்தால் இதை மறைப்பது தீமையை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதற்குச் சமம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்ய வேண்டும்.

வெள்ளி மோதிரம் முத்திரையாக இருந்த காலம் போய், கடவுச்சொல் முத்திரையாகிவிட்ட காலம் இது. முத்திரை மாறினாலும் அதைக் காப்பவரின் பொறுப்பு மாறவில்லை. நம் பெயரால் பிறருக்குத் தீங்கு செல்லாமலும், பிறர் பெயரால் நமக்குத் தீங்கு வராமலும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.