வாத்து முட்டையும் ஒரு கிருமியின் வரலாறும்



மூலம், உடம்புச் சூடு என்றால் வாத்து முட்டையை அரைவேக்காடாகக் கொடுக்கும் பழக்கம் நம் திருவொற்றியூர், ராயபுரம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. "என் பையனுக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா டீச்சர்?" என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே எல்லோருக்கும் எழுதுகிறேன்.

1885-இல் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித் என்ற இளம் ஆய்வாளர், நோயுற்ற பன்றிகளிடம் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். ஆனால் அதற்கு அவருடைய மேலதிகாரி டேனியல் சால்மனின் பெயரைத்தான் வைத்தார்கள்: சால்மோனெல்லா. சால்மன் மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! 1888-இல் ஜெர்மனியில் கேர்ட்னர் என்ற மருத்துவ அறிஞர், நோயுற்ற மாட்டின் இறைச்சியைத் தின்று இறந்தவரின் உடலில் இந்த இனக் கிருமியைக் கண்டார். கால்நடையிடமிருந்து உணவு வழியாக மனிதனுக்கு இது வரும் என்பது அப்போது தெரிந்தது. இன்று இதில் 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. பலவற்றுக்கு ஊர்ப் பெயர்தான். 1928-இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட ஒரு வகைக்குப் பரேலி என்று பெயர்.

வாத்துக்கு வருவோம். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் வாத்துகள் மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய பண்ணைகளிலும் அவை ஈரத்தில்தான் வாழ்கின்றன. குடிக்கும் தண்ணீரிலேயே எச்சமிடும், ஈரத் தரையிலேயே முட்டையிடும். சூடான முட்டை ஆறும்போது, ஓட்டின் நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே போகலாம். சில சமயம் ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் சேர்ந்துவிடும். வாத்தோ நோயில்லாதது போலவே நடமாடும். அதனால் பார்வையை வைத்து நல்ல முட்டை எது என்று சொல்லவே முடியாது. 2010-இல் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் வாத்து முட்டையால் பலருக்கு இந்த நோய் வந்தது.

"மருந்து இருக்கிறதே" என்பீர்கள். 1950 வாக்கில் அமெரிக்காவில், கோழித் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தால் குஞ்சுகள் வேகமாக வளரும் என்று கண்டார்கள். அந்த வழக்கம் உலகெங்கும் பரவியது. மருந்தோடு பழகிய கிருமிகளில் பல அதற்கு அடங்காதவையாக மாறின. வேறு மருந்து கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் கோலிஸ்டினைக்கூடப் பண்ணைகளில் கொடுத்தார்கள். 2019-இல்தான் நம் மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது.

வாத்து முட்டை சத்தானது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவையுங்கள். பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு அரைவேக்காடு வேண்டவே வேண்டாம். வயிற்றுப்போக்கோடு காய்ச்சலும் இருந்தால் மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பெரியவர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள். அவர்களோடு சண்டை போடாமல், முட்டையை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்