கடவுளின் பெயரும் வாக்கெடுப்பும்

1949-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள். புதுதில்லியில் அரசியல் நிர்ணய சபை தன் நெடும்பணியின் இறுதிக் கட்டத்தை எட்டியிருந்தது. அன்று விவாதத்திற்கு வந்தது அரசியல் சாசனத்தின் முகப்புரை. மக்களின் பெயரால் தொடங்கும் அம்முகப்புரையின் முன்னே 'கடவுளின் பெயரால்' என்னும் சொற்களைச் சேர்க்க வேண்டுமென எச். வி. காமத் திருத்தம் கொணர்ந்தார்.

ஆலயங்களும் மசூதிகளும் கோயில்களும் நிறைந்த இந்நாட்டில் அத்திருத்தம் எளிதில் நிறைவேறியிருக்கும் என்றே நாம் எண்ணுவோம். நடந்ததோ வேறு. ஆதரவாக 41 வாக்குகளும் எதிராக 68 வாக்குகளும் விழுந்தன. நம் வரலாற்றில் இது ஒரு கருப்பு நாள் என்று காமத் மனம் வெதும்பினார்.

எதிர்த்தவர்கள் அனைவரும் நாத்திகர்களா? இல்லை. திருவிதாங்கூரைச் சேர்ந்த பட்டம் தாணுப்பிள்ளை, தாம் இறைநம்பிக்கை உடையவர் என்று கூறிக்கொண்டே எதிர்த்தார். நம்புவதற்கும் நம்பாதிருப்பதற்கும் உரிமையளிக்கும் சாசனம் அனைவர் வாயிலும் இறைவன் பெயரை வைப்பது கட்டாயப்படுத்துவதாகாதா என்பது அவர் வினா. ஒவ்வொரு மனிதனையும் தனித்தனியே ஆழமாகத் தொடும் ஒன்றில், கூட்டத்தின் கருத்தை எவர்மீதும் ஏன் சுமத்த வேண்டும் என்று கேட்டார் இருதயநாத் குன்சுரு. கடவுளை வாக்கெடுப்புக்கு உட்படுத்தும் சங்கடத்தைத் தங்களுக்கு ஏற்படுத்த வேண்டாமென வேண்டினார் பூர்ணிமா பானர்ஜி. உறுதிமொழியில் கடவுளுக்கு இடமளித்துள்ளோம், நம்பாதவர்க்கு மாற்று வழியும் உள்ளது, முகப்புரையிலோ அவ்வாறு இரண்டையும் இணைக்க இயலாது என்று விளக்கினார் திருமலை ராவ்.

இக்கடைசி விளக்கத்தை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்பவர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். தெரிவு அவருடையது. ஆக, சாசனம் இறைவனை நாடு கடத்தவில்லை. அரசின் நெற்றியில் எழுத மறுத்த பெயரை, தனிமனிதரின் மனச்சான்று தானே விரும்பி உச்சரிப்பதற்கு இடம் விட்டது.

இதே சபையில்தான், ஏறத்தாழ பத்து மாதங்களுக்கு முன், 1948 டிசம்பரில் நம்மை நேரடியாகத் தொடும் மற்றொரு விவாதம் நிகழ்ந்தது. மதத்தைப் பரப்பும் உரிமையைச் சாசனத்திலிருந்து நீக்க வேண்டுமென லோகநாத் மிஸ்ரா வலியுறுத்தினார். அதைக் காத்து நின்றவர்களுள் கிறிஸ்தவரல்லாதார் பலர். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி, தாம் 14 ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் பயின்றதையும், தம்மை மதம் மாற்ற அங்கே முயற்சி நடைபெறாததையும் எடுத்துரைத்து அவ்வுரிமையை ஆதரித்தார். இன்று 25-ஆம் பிரிவில் அச்சொல் நிலைத்திருக்கிறது. நமக்காக அன்று பேசியது நம் ஆசிரியர்கள் வகுப்பறையில் காட்டிய நேர்மை.

நற்செய்தியை அறிவிக்க நாம் பெற்ற உரிமையும், முகப்புரையில் இறைவன் பெயர் இடம்பெறாமையும் ஒரே வேரில் கிளைத்தவை. மனச்சான்றை எவரும் வற்புறுத்தலாகாது என்பதே அவ்வேர். முன்னதைப் போற்றி, பின்னதைக் குறைகூற நமக்கு நியாயமில்லை.

நம் திருச்சபையும் இத்தெளிவை ஒரே நாளில் அடைந்துவிடவில்லை. 1864-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் வெளியிட்ட பிழைகளின் பட்டியலில், கத்தோலிக்க மறையை அரசின் ஒரே மதமாக வைத்திருப்பது இனிப் பொருந்தாது என்னும் கருத்தும் கண்டிக்கப்பட்டிருந்தது. நூறாண்டுகள் கடந்து, 1965 டிசம்பர் 7-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய விடுதலை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அவ்விடுதலை மனித மாண்பிலேயே வேரூன்றியது என்றும், சமயத்தில் எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்றும் அது போதித்தது. தாணுப்பிள்ளை எழுப்பிய வினா, உரோமையில் திருச்சபையின் மொழியிலேயே விடை பெற்றது எனலாம்.

அப்படியானால் சமயம் வீட்டுப் பூசையறைக்குள் அடங்கிவிட வேண்டியதா? அன்று. சமயம் பொதுவாழ்வில் நுழையும் வாயில் வேறு என்பதே நாம் கற்கும் பாடம். இறைவன் பெயரால் ஆணையிட்டவர் இலஞ்சம் வாங்கும்போது அப்பெயர் இகழப்படுகிறது. நம்பிக்கையுள்ள முதலாளி கூலியைக் குறைக்காமல் கொடுக்கும்போது அப்பெயர் சொல்லாமலே போற்றப்படுகிறது. கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரை நிற்கவிட்டு, அரசு ஆவணத்தில் கடவுளின் பெயரைத் தேடுவதால் யாருக்கு என்ன பயன்?

அன்றைய 68 வாக்குகளும் இறைவனைக் குறைத்துவிடவில்லை. அந்த 41 வாக்குகள் வென்றிருந்தாலும் அவர் உயர்ந்திருக்கப் போவதில்லை. சாசனம் எழுதாமல் விட்ட இடத்தை நிரப்பும் பொறுப்பு நம் வாழ்வுக்கு உரியது. அலுவலகத்திலும் சந்தையிலும் வாக்குச் சாவடியிலும் நம் அயலார் நம்மிடம் எதைக் கண்டு இறைவனை அறிந்துகொள்கின்றனர் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.