‘நடத்தை: நன்று’ – ஆசிரியர் கண்ணில் பிள்ளையின் மனம்

எமது தேர்ச்சி அறிக்கைகளில் புள்ளிகளுக்குக் கீழே ‘நடத்தை’ என்றொரு கூடு இருந்தது. அதில் வகுப்பாசிரியை எழுதிய ‘கதையைக் குறைக்க வேண்டும்’ என்ற ஒரு வரிக்காக வீட்டில் ஏச்சு வாங்கியவர்கள் எம்மில் எத்தனையோ பேர். ‘அமைதியானவர்’ என்று எழுதப்பட்டதற்காக ஏச்சு வாங்கியவர் எவருமில்லை. அந்த அமைதி எதனால் வந்தது என்று கேட்டவர்களும் இல்லை.

எமது சங்கம் நடைபழகிய காலத்தில், ஐக்கிய அமெரிக்காவில் ஈ. கே. விக்மன் என்ற உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். பிள்ளைகளிடம் காணப்படும் 50 நடத்தைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு பாரதூரமானது என்று 511 ஆசிரியர்களிடம் கேட்டார். பின் அதே பட்டியலை உளநல வல்லுநர்கள் 30 பேரிடம் கொடுத்தார். முடிவுகள் 1928இல் நூலாக வெளிவந்தன. களவு, பொய், ஒழுக்கக்கேடு ஆகியவற்றை ஆசிரியர்கள் முன்னிலையில் வைத்தார்கள். கூச்சத்தைக் கடைசிப் பக்கம் தள்ளினார்கள். வல்லுநர்களோ ஒதுங்கியிருத்தல், சந்தேகம், மகிழ்ச்சியின்மை என்பவற்றையே முதலில் வைத்தார்கள்.

ஆசிரியர்களுக்குப் பிள்ளை மனம் விளங்காது என்று பலர் இதைக் கொண்டு பேசினர். அது நியாயமன்று. இரு பகுதியினருக்கும் வழங்கப்பட்ட அறிவுறுத்தல்கள் வேறுபட்டவை. ஆசிரியர்கள் வகுப்பறையில் இன்றைய தொல்லையை அளந்தார்கள். வல்லுநர்கள் பிள்ளையின் நாளைய வாழ்வை அளந்தார்கள். நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவருக்குச் சத்தம்தான் முதலில் கேட்கும். 1950களில் இதே ஆய்வை மீளச் செய்தபோது அந்த இடைவெளி குறைந்திருந்தது.

அடுத்த பெரிய அடியை இங்கிலாந்தில் மைக்கேல் ரட்டர் எடுத்துவைத்தார். ஆசிரியர்கள் நிரப்புவதற்காக அவர் 1967இல் வெளியிட்ட வினாக்கொத்தில் 26 கூற்றுகள் இருந்தன. ‘பொருந்தாது’ என்றால் 0, ‘ஓரளவு’ என்றால் 1, ‘நிச்சயமாக’ என்றால் 2. மொத்தம் 9 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்தப் பிள்ளையை விரிவாக விசாரிக்க வேண்டும். குழப்படிக்காரப் பிள்ளையையும் கவலைப்படும் பிள்ளையையும் அது வெவ்வேறாக இனங்கண்டது. வைற் தீவில் 10, 11 வயதுப் பிள்ளைகளிடையே அவரும் சகாக்களும் நடத்திய ஆய்வில் பெற்றோரும் தனி வினாக்கொத்து நிரப்பினார்கள். பெற்றோர் சுட்டிய பிள்ளைகளும் ஆசிரியர் சுட்டிய பிள்ளைகளும் பெரும்பாலும் வேறுவேறு பேர்! 1987இல் தோமஸ் அக்கன்பாக்கும் சகாக்களும் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பெற்றோருக்கும் ஆசிரியருக்குமிடையே உடன்பாடு குறைவாகவே தெரிந்தது. ஒருவர் பிழை, மற்றவர் சரி என்பதல்ல இதன் பொருள். வீட்டுப் பிள்ளை வேறு, வகுப்புப் பிள்ளை வேறு. எங்களுடைய அம்மாமாருக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

எமது மண்ணில் இந்தக் கதைக்கு வேறொரு கனம் உண்டு. போர்க்காலத்திலும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னரும், உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருந்த வடக்குக் கிழக்கில், ஆசிரியர்களுக்கே உளவளத்துணைப் பயிற்சி வழங்கப்பட்டது. இடம்பெயர்ந்து வந்து பின்வாங்கில் சத்தமில்லாமல் இருந்த பிள்ளையைத் தினமும் கண்டவர் இடாப்புக் கூப்பிட்ட ஆசிரியர்தானே. எனினும் வினாக்கொத்து நோயை நிர்ணயிப்பதில்லை. யாரை அருகில் போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. காட்டிய பின் அனுப்புவதற்கு ஓர் இடமில்லையென்றால், அந்தப் பிள்ளைக்குப் பட்டம் ஒன்றுதான் மிஞ்சும்.

இன்று பரவலாகப் பயன்படுவது ரொபேட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து. தமிழிலும் சிங்களத்திலும் உண்டு. ஐந்து கூற்றுகள் பிள்ளையின் நல்ல குணங்களுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. ‘அமைதியானவர்’ என்று எழுதிவிட்டுப் போக அதில் இடமில்லை. அடிக்கடி வரும் தலையிடி வயிற்றுவலி, கவலை, அழுகை, பதற்றம், பயம் என ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் தனித்தனியே அடையாளமிட வேண்டும்.