ஹாம்பர்க்குக்கு வைத்த பெயர்

தமிழ் வேதாகமத்தைப் படித்தவர்களுக்குக் ‘கொமோரா’ பழகிய பெயர். சோதோமோடு சேர்ந்தே வரும். வானத்திலிருந்து கந்தகமும் நெருப்பும் பொழிந்து அழிந்த ஊர். எபிரேயத்தில் அது ‘அமோரா’. அதன் முதலெழுத்தான ‘அயின்’ அடித்தொண்டையில் பிறப்பது. பழங்காலத்தில் அந்த ஓரெழுத்தே இரண்டு ஒலிகளுக்கு நின்றது. அவற்றில் ஒன்றைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் ‘காமா’ எழுத்தால் குறித்தார்கள்; ‘க’ வந்து ஒட்டிக்கொண்டது அப்படித்தான். எபிரேயர் ‘அஸ்ஸா’ என்னும் ஊரை உலகம் ‘காசா’ என்பதற்கும் இதே எழுத்துதான் காரணம்.

மறைநூலுக்குள்ளேயே இந்தப் பெயர் ஊரைவிட்டு நகர்ந்து வசைச்சொல் ஆகிவிட்டது. ஏசாயா தன் முதல் அதிகாரத்திலேயே மக்களைக் கொமோராவின் ஜனங்கள் என்று அழைக்கிறார். அவர் பேசுவது பகைவரிடம் அல்ல. எருசலேமில் வாழும் தன் சொந்த மக்களிடம். இந்தத் திசையைக் கவனிக்க வேண்டும்.

1943 மே 27 அன்று பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப்படைத் தலைமையகம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஹாம்பர்க் நகரத்தை அடியோடு அழிப்பது நோக்கம், பெயர் ‘கொமோரா’. அந்தப் படை ஜெர்மன் நகரங்களுக்கு வழக்கமாக மீன் பெயர்களையே சங்கேதமாக வைத்திருந்தது. பெர்லினுக்கு வைத்தது நெத்திலி போன்ற ஒரு பொடிமீனின் பெயர். மீன் பெயர் ஊரை மறைக்கும். கொமோரா அப்படியல்ல, அது தீர்ப்பு. அங்கே இருப்பவர் அனைவரும் குற்றவாளிகள், மேலிருந்து நெருப்பைப் பொழிபவரே நீதிபதி என்று அந்த ஒற்றைச் சொல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

ஜூலை 27 இரவு எழுநூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. குண்டுகள் விழுந்த ஹம்மர்புரூக், ஹாம், ரோத்தன்பர்க்ஸோர்ட் ஆகியவை தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிகள். வெயிலில் காய்ந்துகிடந்த ஊர் அது. ஆயிரக்கணக்கான சிறு தீகள் ஒன்றாகி, மேலெழுந்த அனல் சுற்றிலுமிருந்த காற்றை உறிஞ்ச, தெருக்களில் புயல் வீசியது. ஜெர்மானியர் அதை ‘ஃபாயர்ஸ்டுர்ம்’, தீப்புயல், என்கிறார்கள். நிலவறைகளில் ஒதுங்கியவர்கள் மூச்சுமுட்டி மாண்டார்கள். ஆகஸ்ட் 3 வரை நடந்த தாக்குதல்களில் ஏறக்குறைய 37,000 பேர் இறந்தார்கள். பிணங்களைத் தோண்டியெடுக்க நோயன்காம வதைமுகாமின் கைதிகளை நாஜிகள் இழுத்து வந்தார்கள்.

வார்சாவையும் ராட்டர்டாமையும் கோவென்ட்ரியையும் எரித்தவர்கள் நாஜிகள். அந்தக் கணக்கை யாரும் குறைத்துக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஹம்மர்புரூக்கில் அன்றிரவு ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற வோல்ஃப் பியர்மான். யூதரும் கம்யூனிஸ்டுமான அவர் தந்தையை அதே ஆண்டு ஆஷ்விட்ஸில் நாஜிகள் கொன்றிருந்தார்கள். தாய் எம்மா மகனை முதுகில் சுமந்து கால்வாயில் நீந்திக் கரைசேர்ந்தார். ஹிட்லரை வெறுக்க அந்தக் குடும்பத்தைவிட அதிகக் காரணம் யாருக்கு இருந்தது? ஆனாலும் அவர்களும் ‘கொமோராவின் ஜனங்கள்’.

ஆதியாகமத்தில் நெருப்பு விழுவதற்கு முன் ஒரு வாதம் நடக்கிறது. சோதோமில் ஐம்பது நீதிமான்கள் இருந்தால் என்ன செய்வீர் என்று கர்த்தரிடமே ஆபிரகாம் கேட்கிறார். நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது என்று இறங்கிப் பத்துவரை வருகிறார். பத்துப் பேர் இருந்தாலும் அழிப்பதில்லை என்று கடவுள் ஒப்புக்கொள்கிறார். அந்தக் கதையிலிருந்து நெருப்பை எடுத்துக்கொண்டவர்கள் இந்தக் கேள்வியை விட்டுவிட்டார்கள். அந்தப் பெயரில் என்னால் பொறுக்க முடியாதது இதுதான்.

கேள்வியை எடுத்தவர் ஒருவர் பிரிட்டனிலேயே இருந்தார். சிசெஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல், ஜெர்மனியில் ஹிட்லரை எதிர்த்த போன்ஹோஃபரின் நண்பர். நாஜிகளின் பகைவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லாதவர். 1944 பிப்ரவரி 9 அன்று பிரபுக்கள் சபையில் எழுந்து, ஹாம்பர்க்கைச் சுட்டிக்காட்டி, நகரங்களை முழுதாக அழிப்பது எப்படி நியாயமாகும் என்று தன் சொந்த அரசிடம் கேட்டார். ஏசாயாவைப் போலவே அவர் பேசியதும் தன் மக்களை நோக்கித்தான். அரசு அவர் வாதத்தை ஏற்கவில்லை. ஓராண்டு கழித்து, அதே பிப்ரவரி மாதத்தில், இன்னொரு ஜெர்மன் நகரமான ட்ரெஸ்டன் எரிந்தது.