மூழ்கியவன் பெயர் எங்கே?

பண்பொழியில் நாம் காணும் நீர் சிற்றாற்றோடு சேர்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடல் காண்கிறது. அந்நீர் சென்ற வழியே நம் நினைவு சென்றதுண்டா, தோழர்களே?

அக்கழிமுகத்தருகே இருந்தது கொற்கை, பாண்டியர் துறைமுகம். இன்று கடலே அதைவிட்டு விலகிவிட்டது. கொற்கை முத்தைப் பாடினர் புலவர், விலை பேசினர் வணிகர், அணிந்தனர் அரசியர். மூச்சடக்கி மூழ்கினானே பரதவன், அவன் கதையை எழுதியவர் யார்?

அக்குடியிலேயே பிறந்த ஒருவர் எழுதினார். உவரி என்னும் மீனவர் ஊரில் 1963-இல் பிறந்த ஜோ டி குருஸ், கப்பல் தொழிலில் பணியாற்றியவர். வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். வரலாற்றைப் புதினமாகவே தந்தார். 2004-இல் வந்த ‘ஆழி சூழ் உலகு’ கட்டுமரக்காரர் வாழ்வு. 2009-இல் வந்த ‘கொற்கை’, 1914 முதல் 2000 வரை தூத்துக்குடித் துறையின் கதை. ஆயிரம் பக்கத்துக்கும் மேல்! 2013-இல் அதற்குச் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது.

குலப்பெருமை பாடும் ஏடுகள் நம் நாட்டில் மலிவு. இவரோ தம்மவரின் ஊர்ப்பகையையும் மறைத்தாரில்லை. நடை, கடற்கரைப் பேச்சு. வயலோரத்தில் வளர்ந்த நமக்குத் தொடக்கப் பக்கங்களில் தடுமாற்றந்தான்! ஆயினும் குற்றாலத்தில் நமக்குச் சாரல் சுமந்துவரும் மேல்காற்றைக் ‘கச்சான்’ என்றழைத்து, அது சீறும் நாளில் வலையோடு கரையில் காத்திருக்கிறார்களே மீனவர், அவர்களைப் பற்றி இதுவரை நமக்குச் சொன்னவர் எவர்?