இரு கெடுக்கள்: காப்புரிமைச் சட்டம் 3(டி) பிரிவின் பிறப்பு

மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸின் வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆகியோர் அளித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அறிந்த பொருளின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை கிடைப்பதைக் கட்டுப்படுத்தும் 3(டி) பிரிவுக்குப் பொருள் கண்டதோடு அதன் தோற்றத்துக்கும் ஒரு வரலாறு கூறியது. மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமை, அதாவது தயாரிக்கும் முறைக்கு அல்லாமல் மருந்துக்கே வழங்கப்படும் தனியுரிமை, மீண்டும் வருவதால் நேரக்கூடிய முறைகேடுகளை எண்ணி நாடாளுமன்ற உறுப்பினர்கள் அஞ்சினர் என்றும், அவ்வச்சத்தைத் தணிக்க விவாதத்தில் அரசு எடுத்துக்காட்டிய ஒரே ஏற்பாடு 3(டி) என்றும், ஆகவே அப்பிரிவு மருந்துகளை முன்னிட்டே இயற்றப்பட்டது என்றும் அத்தீர்ப்பு கண்டது. பிரிவின் நோக்கத்தைப் பொறுத்தவரை இம்முடிபில் குறைகாண இடமில்லை. ஆனால் இதை அப்பிரிவின் பிறப்புக்கும் சான்றாகக் கொள்வது பொருந்தாது. விவாதத்தில் விடையாகக் காட்டப்பட்ட வாசகம் அவ்விவாதத்துக்கு முன்பே எழுதப்பட்டு மேசைமேல் இருந்திருக்க வேண்டும்; அது அவையில் பயன்பட்டது என்பதால் அவையில் பிறந்தது என்றாகிவிடாது. நீதிமன்றம் தேடியது சட்டத்தின் கருத்தை. வரலாறு தேடுவது அதன் கையெழுத்தை.

3(டி)க்கு இன்றைய வடிவம் தந்த 2005ஆம் ஆண்டுக் காப்புரிமைத் திருத்தச் சட்டம் ஒரே கெடுவுக்கு அஞ்சி விரைந்து நிறைவேறியது என்று சொல்வது வழக்கம். உண்மையில் கெடுக்கள் இரண்டு. ஒன்று ஜெனீவாவுடையது: உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையான டிரிப்ஸ், பொருள் காப்புரிமை இல்லாத வளரும் நாடுகளுக்கு அளித்த அவகாசம் 2005 ஜனவரி 1 அன்று முடிந்தது. மற்றொன்று புது தில்லியுடையது: அரசமைப்பின் 123ஆம் உறுப்பின்படி, நாடாளுமன்றம் கூடியதிலிருந்து ஆறு வாரத்துக்குள் சட்டமாக மாற்றப்படாத அவசரச் சட்டம் தானாகவே காலாவதியாகும்.

இவ்விரண்டாம் கெடு தவறினால் என்ன நேரும் என்பதை அரசு பத்தாண்டுகளுக்கு முன்பே பட்டறிந்திருந்தது. 1994 டிசம்பர் 31 அன்று பிறப்பித்த அவசரச் சட்டம் 1995 மார்ச் 26 அன்று காலாவதியாயிற்று. அதன் இடத்தை நிரப்ப வந்த மசோதா மக்களவையைக் கடந்து மாநிலங்களவையில் சிக்கி, 1996 மே மாதம் மக்களவை கலைக்கப்பட்டபோது மடிந்தது. மருந்துக் காப்புரிமை விண்ணப்பங்களைப் பெற்று 2005 வரை ஆய்வு செய்யாமல் வைத்திருக்கும் ‘அஞ்சல் பெட்டி’ ஏற்பாடு அவசரச் சட்டம் காலாவதியானபின் நிர்வாக ஆணையை மட்டுமே நம்பி நடந்தது. 1996 ஆகஸ்ட் 2 அன்று, முரசொலி மாறன் தொழில் அமைச்சராக இருந்தபோது, மக்களவையில் அளிக்கப்பட்ட எழுத்துவழி விடை, ஜூலை 15 வரை 893 விண்ணப்பங்கள் வந்திருந்ததாகக் கூறியது. உலக வணிக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் இந்தியா இவ்விடையைத் தனக்கு ஆதரவாகக் காட்டியும் பயனில்லை. சட்டத்தோடு முரண்படும் நிர்வாக ஆணை உறுதியான சட்ட அடிப்படை ஆகாது என்று அவ்வமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 1997 டிசம்பர் 19 அன்று முடிவு கூறியது.

இப்பின்னணியில் 2005ஆம் ஆண்டின் நாள்களை அடுக்கிப் பார்க்க வேண்டும். பொருள் காப்புரிமையை மீண்டும் கொண்டுவரும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது 2004 டிசம்பர் 26 அன்று. தமிழகக் கடற்கரையை ஆழிப்பேரலை சூறையாடிய அதே நாள். ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்ததும் ஜெனீவாவின் கெடு காக்கப்பட்டுவிட்டது. பிப்ரவரி 25 அன்று நாடாளுமன்றம் கூடியது. ஆறு வாரக் கணக்கு ஏப்ரல் 8ஐ ஒட்டி முடியும். மசோதா மார்ச் 18 அன்று அறிமுகமாகி, 22 அன்று மக்களவையிலும் 23 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறி, ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக் குழுவிடம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தது என்பதோடு ஒப்பிட்டால் இவ்வேகம் விளங்கும். மார்ச் மாத அவசரத்துக்கு உடனடிக் காரணம் டிரிப்ஸ் அன்று, 123ஆம் உறுப்பு. அரசோ இடதுசாரிக் கட்சிகளின் ஆதரவின்றி அவையில் பெரும்பான்மை பெற முடியாத நிலையில் இருந்தது. கெடு நெருங்க நெருங்க ஆதரவு தருவோரின் கை ஓங்கியது என்றும், 3(டி) அந்தப் பேரத்தின் விளைவு என்றும் கொள்வதே பொருத்தம். அவைக்கு வெளியே நடந்த பேச்சுக்கு அவைக் குறிப்பு கிடையாது என்பதால் இங்கு சான்றாக நிற்பது பிரிவின் வாசகங்களுக்கு இடையிலான பாடபேதம் ஒன்றே.

1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூல வாசகம், அறிந்த பொருளுக்குப் புதிய பண்பையோ புதிய பயனையோ வெறுமனே கண்டறிவது காப்புரிமைக்குரிய புத்தாக்கம் ஆகாது என்றது. 2004ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் ‘புதிய பயன்’ என்பதற்கு முன் ‘வெறும்’ என்ற ஒரு சொல்லை நுழைத்தது. ‘எமது பயன் வெறும் பயன் அன்று’ என வாதிட வழி திறக்க அந்த ஒரு சொல் போதும். நிறைவேறிய சட்டத்தில் அச்சொல் இல்லை. மாறாக, அறிந்த பொருளின் புதிய வடிவம் அறியப்பட்ட பயன்திறனை மிகுவிக்காவிட்டால் அதற்குக் காப்புரிமை இல்லை என்ற தொடரும், உப்புகள், எஸ்டர்கள், ஈதர்கள், ஐசோமர்கள் முதலியன பயன்திறன் தொடர்பான பண்புகளில் குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டாலன்றி ஒரே பொருளாகக் கருதப்படும் என்ற விளக்கக் குறிப்பும் சேர்ந்தன.

இவ்விளக்கக் குறிப்புக்கு மிக நெருங்கிய வாசகம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/27 எண்ணுள்ள நெறியாணையில் உள்ளது. அது காப்புரிமைச் சட்டம் அன்று. மருந்தை விற்க அனுமதி அளிக்கும்போது எது ‘அதே மருந்து’ என்று வரையறுக்கும் விதி. உப்பு, எஸ்டர், ஈதர் என்னும் வரிசைமுறைகூட மாறவில்லை. இந்திய வாசகம் படிக உருமாற்றங்கள், வளர்சிதைப் பொருள்கள், தூய வடிவம், துகள் அளவு, சேர்க்கைகள் ஆகியவற்றைக் கூட்டியது; ஐரோப்பிய மூலத்தில் பயன்திறனோடு நின்ற ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை விட்டது. கூட்டியவற்றைக் கொண்டு பார்த்தால், இதை எழுதியவர் மருந்து நிறுவனங்கள் காப்புரிமைக் காலத்தை நீட்டிக்கக் கையாளும் வழிகளை நன்கு அறிந்தவர் எனலாம். ‘பாதுகாப்பு’ விடுபட்டது திட்டமிட்டா, அவசரத்திலா என்பதற்கு வாசகம் மட்டும் விடை தராது; திட்டமிட்டே என்பதற்கு, கூட்டியவற்றில் உள்ள கவனம் ஓரளவு துணைநிற்கிறது. வாசகம் இறுதி வடிவம் பெற்ற நாளையும் டிசம்பர் 26க்கும் மார்ச் 22க்கும் இடைப்பட்டது என்ற அளவுக்கு மேல் இங்கு குறுக்கவில்லை.

நோவார்ட்டிஸ் 1998 ஜூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் அளித்து, அஞ்சல் பெட்டியில் காத்திருந்த விண்ணப்பம் 2006 ஜனவரியில் நிராகரிக்கப்பட்டபோது இப்பிரிவும் ஒரு காரணமாயிற்று. பிரிவு டிரிப்ஸுக்கு முரண் என்ற வாதத்தைத் தீர்ப்பது தன் வரம்பில் இல்லை எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்ட் 6 அன்று ஒதுக்கியது.

வேதியியல் நோக்கில் முற்றிலும் புதிய மூலக்கூறுகளுக்கு மட்டுமே மருந்துக் காப்புரிமை என வரையறுக்கலாமா, நுண்ணுயிர்களுக்குக் காப்புரிமையை மறுக்கலாமா என்னும் இரு கேள்விகள் அவையில் தீராமல் நின்றன. அவற்றை ஆராய அறிவியலாளர் மாஷேல்கர் தலைமையிலான வல்லுநர் குழு 2005 ஏப்ரல் 5 அன்று அமைக்கப்பட்டது. சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த மறுநாள்.